நிழலுக்கு அடித்த துக்க மணி

எங்கள் சிலுவைத்துறை மாதா கோயிலுக்கு வடக்கு மூலையில் ஒரு கோபுரம் உண்டு, தெற்கு மூலையில் வெறும் ஆகாயம் உண்டு. நான்கு தலைமுறையாக அப்படித்தான். ஒரு தை மாதத்துச் சாயங்காலம், வெயில் கோயிலின் முதுகுப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கடற்கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் வெளிச்சம் மங்குகிறதே என்று நிமிர்ந்து பார்க்க, மணலில் இரண்டு கோபுரங்களின் நிழல் கிடந்தது. தெற்கு மூலையை அண்ணாந்து பார்த்தார்கள். அதே வெறும் ஆகாயம், அதில் ஒரு காக்கை போய்க்கொண்டிருந்தது. மறுபடி மணலைப் பார்த்தார்கள். கோபுரம், உச்சியில் சிலுவை, மணி தொங்குகிற ஜன்னல், எல்லாம் இருந்தன. பிறகு அவர்கள் கருவாட்டை வாரிக்கொண்டு வெயில் இருக்கும் பக்கம் நகர்ந்தார்கள், ஏனென்றால் நிழல் எங்கிருந்து வந்தாலும் நிழலில் நெத்திலி காயாது.

காரணம் கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், பெரிய விஷயமில்லை. எங்கள் கோயிலை வரைந்தவர் வெண்டலின் கிராம் என்கிற ஒரு ஜெர்மன்காரர். இளவயதில் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனவர். கூடவே தம்பி அலோய்ஸையும் கூட்டிக்கொண்டு போனார். பாதிக் கடலில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு, பாய்த்துணியில் சுற்றி, கல்லைக் கட்டி, விடியுமுன் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள், மற்ற பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று கப்பல் மணியைக்கூட அடிக்கவில்லை. கரையிறங்கிய கிராம் கடலை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் ரயிலேறி, எந்தத் திசையில் போனாலும் கடல் வராத ஒரு ஊரைத் தேடி, அந்த நாட்டின் நடுவயிற்றில் போய் உட்கார்ந்தார். கோதுமை வயல்களுக்கு நடுவே கோயில் கோயிலாக வரைந்து தள்ளினார். கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகளைப் பெற்றார், தாடி நரைத்து, கண் மங்கி, மேஜையின் மேலேயே கவிழ்ந்து செத்தும் போனார்.

கட்டடம் வரைகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோபுரம் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவனுக்குப் புரிய, அதன் பக்கத்தில் ஒரு ஆளை வரைந்து நிறுத்துவார்கள். மற்றவர்கள் ஒரு படத்தில் ஒரு சீமாட்டியையும் இன்னொன்றில் ஒரு குதிரைக்காரனையும் நிறுத்துவார்கள். கிராம் சாகும்வரை ஒரே ஆளைத்தான் நிறுத்தினார்: ஒல்லியாக, இடது தோள் சற்றே சரிந்து, தொப்பியைக் கழற்றி இடுப்போரம் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குள் நுழையாமல் வெளியே தள்ளி நிற்கிற ஒரு இளைஞன். யார் அது என்று மனைவி கேட்டிருக்கிறாள். அளவுக்கு ஒரு ஆள், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறார்.

கிராமோடு பள்ளியில் படித்த ஒருவர் சாமியாராகி, மிஷன் வேலைக்கென்று எங்கள் கரையில் வந்து இறங்கினார். ஓலைக்கொட்டகையில் பூசை வைத்துச் சலித்துப்போய், நண்பரிடம் ஒரு கோயில் வரைந்து கேட்டார். கிராம் தன் வாழ்நாளில் கடலோரத்துக்கென்று வரைந்த கோயில் இது ஒன்றுதான். எங்கள் வெயிலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? பனி வழுக்கி விழட்டும் என்று கூரையை அப்படிச் செங்குத்தாக வைத்தார். எங்கள் முப்பாட்டன்மாரும் மாதா பெயரைச் சொல்லிக்கொண்டு, ஒரு விரற்கடை குறைக்காமல் அப்படியே கட்டினார்கள், இன்றுவரை அதில் வழுக்கி விழுவது காக்கைகள் மட்டுமே. வடக்குக் கோபுரத்தை முழுக்கோட்டில் வரைந்த கிராம், தெற்குக் கோபுரத்தைப் புள்ளிக்கோட்டில் வரைந்திருந்தார். அவர்கள் பாஷையில் புள்ளிக்கோடு என்றால் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம். பிறகு பஞ்சம் வந்தது, கொள்ளைநோய் வந்தது, அந்தப் பிறகு மட்டும் வரவில்லை. எங்களிடம் இருந்த படத்தையும் கறையான் தின்றுவிட்டது.

மூலப்படம் அமெரிக்காவில், ஒரு சின்னக் கல்லூரியின் நிலவறையில், கிராமின் மற்ற படங்களோடு சுருண்டு கிடந்தது. அங்கிருந்த ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் எடித் என்கிற பெண்மணி, தை மாதத்தில் ஒரு நாள், கிழிசலை ஒட்டுவதற்காக அதை எடுத்துப் பெரிய மேஜைமேல் விரித்து, மூலைக்கு மூலை கனம் வைத்தாள். அவள் விரித்ததும் எங்கள் மணலில் நிழல் விழுந்தது. இவ்வளவுதான் காரணம்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. முதல் வாரம் ஆளாளுக்கு வந்து கும்பிட்டார்கள். இரண்டாம் வாரம் சீட்டாடுகிறவர்கள் பூவரச மரத்தடியை விட்டுக் கோபுர நிழலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் பின்னாலேயே டீக்கடைப் பெஞ்சும் போனது. காலையில் அந்த நிழல் ஊர்ப்பக்கமாகத் திரும்பி ஊர்க் கமிட்டித் தலைவர் லூயிஸ் லோபோவின் வீட்டுமேல் விழ, மாதா கோபுரத்து நிழல் விழுகிற வீடு என்று சொல்லி, மூன்று வருஷமாகத் தட்டிக்கொண்டே போன அவருடைய மகள் கல்யாணம் ஒரே பேச்சில் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் துணி காயவில்லை என்று பிராது கொடுத்தார். டவுனிலிருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள், மணலைப் படமெடுத்தார்கள், இல்லாத கோபுரத்தையும் ஒரு படம் எடுத்தார்கள். வெறும் ஆகாயத்தைக் காட்டினால் எவன் பார்ப்பான் என்று தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, இறால் பொரியல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பங்குச் சாமியார் பிலவேந்திரன், காணாமல் விசுவசிப்பவர் பாக்கியவான்கள் என்று ஞாயிறு தவறாமல் பிரசங்கம் வைத்தார். ஆடுகள் அங்கே படுத்துக்கொண்டன.

கோபுர நிழலுக்குத் தெற்கே, கொஞ்சம் தள்ளி, ஒரு ஆள் நிழலும் கிடந்ததை ஊர் மெதுவாகத்தான் கவனித்தது. ஒல்லி உடம்பு, சரிந்த இடது தோள், இடுப்போரம் கையில் வட்டமாக ஏதோ ஒன்று. பொழுது சாயச்சாய அது நீண்டு நீண்டு, தலை போய் அலையைத் தொடும். அலை அந்தத் தலையை நனைத்துவிட்டுத் திரும்பும். வலை பின்னுகிற ஒருத்தர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏய், இது நம்ம தொம்மைல்லா? கையில சோத்துப்பெட்டிய வச்சுக்கிட்டு நிக்கான்," என்றார். அதுவரை சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

தொம்மை போன கார்த்திகைப் புயலில் கடலுக்குப் போனவன். அன்றைக்குப் போன மற்ற எல்லாரும் எப்படியோ கரையேறி வந்துவிட்டார்கள், தொம்மையும் அவன் கட்டுமரமும் வரவில்லை. வருஷக்கணக்காகப் பாரம் இழுத்து அவனுக்கு இடது தோள் சரிந்திருக்கும். கையில் எப்போதும் அவன் மனைவி கித்தேரி பனையோலையில் முடைந்துகொடுத்த சோற்றுப்பெட்டி இருக்கும். கிராம் துரை அமெரிக்காவில் உட்கார்ந்து வரைந்த தொப்பியை எங்கள் ஊர் சோற்றுப்பெட்டி என்று பார்த்தது. தொப்பி போடாத ஊர் வேறு எப்படிப் பார்க்கும்?

இதில் கித்தேரிக்கு என்ன என்றால், எங்கள் ஊரில் ஒரு கட்டு இருக்கிறது. செத்தவனின் உடல் கரைக்கு வந்தால்தான் அவன் பெயரைச் சொல்லித் துக்க மணி அடிப்போம். ஒரு பெயருக்கு ஒரே தடவைதான் மணி. உடல் வராதவன் செத்தவன் இல்லை, கடலில் இருக்கிறவன். அவன் பெண்சாதி தாலியோடு இருக்க வேண்டும், அவனுக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும், இரவில் கதவுக்குத் தாழ் போடக்கூடாது. அவள் அழுவதற்குக்கூட எங்கள் ஊர் விடாது. உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்கிறாளே என்று வாயை அடைத்துவிடுவோம். கித்தேரி அந்தப் புயல் நாள் முதலாக, தினமும் ஒரு தட்டுச் சோறு போட்டு வைத்து, விடிந்ததும் அதைக் கோழிக்குக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. கதவு திறந்து கிடக்கிற வீட்டில் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

ஊர்ப்பெண்கள் அவளை இழுத்துக்கொண்டுபோய் நிழலைக் காட்டினார்கள். தொம்மைதானே, சொல்லு, தொம்மைதானே என்று ஆளுக்கொரு பக்கமாக உலுக்கினார்கள். கித்தேரி குனிந்து, நிழலின் கையிலிருந்த வட்டத்தையே பார்த்தாள். அன்றிலிருந்து சாயங்காலம் மீன் விற்றுத் திரும்பியதும் கடகத்தைக் கவிழ்த்துப்போட்டு அந்த நிழலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வாள், அது இருட்டில் கரைகிறவரை எழுந்திருக்க மாட்டாள். யாராவது தெரியாத்தனமாக அதன் மேல் நடந்துவிட்டால், "பாத்துப் போங்க, ஆளு கெடக்குல்ல," என்பாள். நாங்கள் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினோம்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் பிறந்தபோது எடித் பிலவேந்திரன் சாமியாரைப் போனில் கூப்பிட்டாள். படத்தில் இருக்கும் கோயில் இன்னும் நிற்கிறதா என்று கேட்டாள். நிற்கிறது, கட்டாத கோபுரத்தின் நிழலும் விழுகிறது என்று சாமியார் சொன்னார். புள்ளிக்கோட்டின் அர்த்தம், கிராமின் கதை, கப்பல், தம்பி எல்லாவற்றையும் அவள் சொன்னாள். அளவுக்கு நிற்கும் ஆளைப் பற்றி மட்டும் அவளும் சொல்லவில்லை, சாமியாரும் கேட்கவில்லை. கடைசியில், ஒட்டுவேலை முடிந்துவிட்டது, வருகிற சனிக்கிழமை படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டு மூடிவிடுவோம் என்றாள். கொஞ்சநாள் தள்ளிப்போடக் கூடாதா என்று சாமியார் கெஞ்சினார். வெளிச்சம் பட்டால் மை மங்கிவிடும் ஃபாதர், அவர் வரைந்தது அழிந்துவிடும் என்று அவள் வருத்தத்தோடுதான் சொன்னாள்.

சனிக்கிழமை நிழல் போய்விடும் என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவிய அன்றே கித்தேரி ஊர்க் கமிட்டியின் முன்னால் போய் நின்றாள்.

"அது எம் புருசன்தான். அடக்கம் பண்ணித் தாங்க," என்றாள்.

லோபோ தலையைச் சொறிந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கட்டை மீறினால் ஊர் நிற்காது என்று பயப்படுகிறவர். "உடம்பு கரைக்கு வந்தாத்தானம்மா மணி? நிழலுக்கு மணி அடிச்சதா எங்கயாச்சும் கேட்டிருக்கியா?"

"நிழலு மட்டும் எங்கிருந்து வரும் மாமா? உடம்பு இருந்தாத்தான நிழலு விழும்?"

லோபோ கோயில்பிள்ளை கஸ்பாரைப் பார்த்தார். மணி அடிப்பதும், மெழுகுதிரி ஏற்றுவதும், கதவு பூட்டுவதும் அவர் வேலை. கஸ்பார், "பிள்ள சொல்லுதது வாஸ்தவம்தான். நிழலு வந்திருக்குன்னா உடம்பு வந்துட்டுன்னுதான் கணக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியலன்னா அது நம்ம குத்தம்," என்றார். கோபுரம் விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கு சரியாக வருமா என்று யாரோ கேட்க, அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். லோபோ சாமியாரைப் பார்த்தார். சாமியார், மணி ஊருடையது, ஜெபம் மட்டும்தான் என்னுடையது, ஜெபத்தை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுவேன் என்றார். பிறகு லோபோ கித்தேரியின் முகத்தைப் பார்க்காமலேயே, "மணி அடிச்சிட்டா அடிச்சதுதான் மக்கா. நாளைக்கே தொம்மை உடம்பு ஒதுங்கினாலும் ரெண்டாவது மணி கெடையாது. நல்லா யோசிச்சுட்டியா?" என்றார்.

"யோசிச்சுட்டேன்," என்றாள் கித்தேரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நிழல் ஒரு ஆள் நீளத்துக்கு இருக்கும் நேரம் பார்த்து, ஊரே கறுப்புக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனது. பிணத்தைத் தூக்கும் ஊர்ப்பொதுவான தூம்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோனோம். கித்தேரி தன் கல்யாணச் சேலையில் சுற்றி வைத்திருந்த புது வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுக்க, நான்கு பேர் நான்கு முனையையும் பிடித்து அந்த நிழலின் மேலே இறக்கினார்கள். நிழல் மணலை விட்டுத் துணியின் மேல் ஏறிப் படுத்தது. சரிந்த தோளும் கையில் பிடித்த வட்டமும் வெள்ளையில் நன்றாகத் தெரிந்தன. கித்தேரி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அதன் கன்னம் இருக்கவேண்டிய இடத்தை ஒருதரம் தடவினாள். கழுத்துத் தாலியைக் கழற்றி அந்த வட்டத்தின் மேல் வைத்துவிட்டு, "மூடுங்க," என்றாள். கால்பக்கத்திலிருந்து மடித்தார்கள். மடித்துத் தூக்கியபோது நான்கு பேரும் ஒரேசமயத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் துணி கனத்தது, நனைந்த ஆள் ஒருவன் கனம் கனத்தது. துணியைத் தூக்கிய இடத்தில் மணல் பளிச்சென்று வெயிலாக இருந்தது.

வடக்குக் கோபுரத்தில் கஸ்பார் கயிற்றை இழுத்தார். எங்கள் ஊர்த் துக்க மணிக்கு ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் ஒரு கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் நீளம் உண்டு. அந்த நீளத்துக்குள் ஒருத்தன் வாழ்ந்ததையெல்லாம் நினைத்துவிடலாம். மணி அடிக்க அடிக்க மணலில் கிடந்த இரண்டு கோபுர நிழல்களிலும் மணி அசைந்தது. தொம்மை, தொம்மை, தொம்மை என்று பெண்கள் மாரில் அறைந்துகொண்டார்கள். அப்போதுதான் கித்தேரி அழுதாள். அத்தனை மாதம் அடைத்து வைத்ததெல்லாம் அவள் வயிற்றிலிருந்து வந்தது, கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, ஒரு பெண்ணை இத்தனை நாள் அழவிடாமல் வைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் குழியை மூடி, தொம்மை என்று பெயர் எழுதிய மரச்சிலுவையை நட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். கித்தேரி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மறுநாள் பொழுது சாயும்போது மணலில் ஒரு கோபுரம்தான் இருந்தது, சீட்டாடுகிறவர்கள் பூவரச மரத்தடிக்குத் திரும்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை எடித் மறுபடி போன் செய்தாள். படத்தைச் சுருட்டும்போது, கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஆளைக் காணவில்லை. சுரண்டிய தடம் இல்லை, அழித்த தடம் இல்லை, வெறும் காகிதமாக இருக்கிறது. பயந்துபோய் கிராமின் மற்ற படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறாள். கோதுமை வயலுக்கு நடுவே இருக்கிற கோயில், ஆற்றங்கரைக் கோயில், கட்டப்படாமலே போன கோயில், எதிலும் அவன் இல்லை. கிராம் வாழ்நாள் முழுக்க வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த அந்த இளைஞன், தொப்பியோடு போய்விட்டான். "தொப்பியா?" என்று சாமியார் கேட்டார். ஆமாம், தொப்பியைக் கழற்றி இடுப்போரம் பிடித்திருப்பானே என்றாள் எடித். சாமியார் போனை வைத்துவிட்டார். மணலில் கிடந்தது கப்பலில் மணியடிக்காமல் இறக்கிவிடப்பட்ட தம்பிதான் என்று அவருக்கு அப்போது புரிந்துவிட்டது, எந்தப் பெண்ணின் புருஷனுக்கு உரிய மணியை அவனுக்கு அடித்துவிட்டோம் என்பதும் புரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கித்தேரியைத் தேடி மீன் இறங்குகிற இடத்துக்கு வந்தார். அவள் சாளையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர் கிராமிலிருந்து ஆரம்பித்து, கப்பலுக்கு வந்து, தம்பி அலோய்ஸுக்கு வந்து, தொப்பியில் வந்து நின்றார். "என்னை மன்னிச்சுடும்மா. அது தொம்மை இல்லை," என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

கித்தேரி மீனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும் சாமி. எங் கையால மொடஞ்ச பெட்டி எனக்குத் தெரியாதா? எம் பெட்டிக்கு மூடி உண்டு. அது தொப்பின்னு மொத நாளே தெரியும்."

சாமியார் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "அப்புறம் ஏம்மா... உன் புருஷனுக்கு இனி மணி கிடையாதே!"

"யாரு பெத்த பிள்ளையோ, பொழுது சாய்ஞ்சா தலைய அல நனைக்குது, மழையிலயும் வெயில்லயும் நின்னுக்கிட்டே கெடக்கான். சனிக்கெழமை சுருட்டிப் போட்டுருவாகன்னு சொன்னீக. திரும்ப அந்த இருட்டுக்குள்ளயா போவான்? எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு மணி. அத அவனுக்குக் குடுத்துட்டேன்." ஒரு சாளையைக் கையில் எடுத்தவள் அதை எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாதவள் போலக் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். "என்ன பேரு சொன்னீக?"

"அலோய்ஸ். நம்ம பக்கம் ஞானப்பிரகாசம்னு சொல்றது அந்தப் பேரைத்தான்."

"அப்ப சிலுவையில அந்தப் பேர எழுதிருங்க. அவுக பேர அழிச்சிருங்க."

"தொம்மைக்கு?"

கித்தேரி கடலைப் பார்த்தாள். அப்போதுதான் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவளுடைய நிழல் ஊர்ப்பக்கமாக ஒற்றையாய் விழுந்து கிடந்தது.

"அவுகளும் எங்கயாச்சும் ஒரு கரையில போயி நிப்பாக சாமி. அந்த ஊருலயும் எவளாவது ஒருத்தி இருப்பா. அவுக நிழலப் பாத்து, இது எம் புருசன்தான்னு அவளும் ஒரு பொய் சொல்லட்டும்."